நிகர அயனிச் சமன்பாட்டில் எந்த அமிலத்தைப் பிரித்து எழுதணும், எதை அப்படியே விடணும்?

பாளை பிளஸ்டூ

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன், அயனிச் சமநிலை பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுநிலையாக்கல் வினைக்கு நிகர அயனிச் சமன்பாடு (வினையில் உண்மையாக மாறுகிற துகள்களை மட்டும் காட்டுவது) எழுதச் சொன்னால் ஒவ்வொரு முறையும் குழம்பிப் போகிறேன். அசிட்டிக் அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் என்ன என்று ஒரு கைடில் பார்த்தால் இப்படி இருக்கிறது:

ஹைட்ரஜன்⁺ + ஹைட்ராக்சைடு⁻ → நீர்

அத்தை மகள் வைத்திருக்கும் இன்னொரு கைடில் அதே கேள்விக்கு இப்படி:

அசிட்டிக் அமிலம் + ஹைட்ராக்சைடு⁻ → அசிட்டேட்⁻ + நீர்

இரண்டும் அச்சில் வந்ததுதான், எதை நம்ப? டியூஷனில் கேட்டதற்கு, அமிலம் என்றாலே ஹைட்ரஜன் அயனி தரும், காரம் என்றாலே ஹைட்ராக்சைடு தரும், எல்லாவற்றுக்கும் முதல் சமன்பாட்டையே எழுது என்று முடித்துவிட்டார்கள். அப்படியென்றால் அம்மோனியாவுக்கு என்ன செய்வது, அதில் ஹைட்ராக்சைடே இல்லையே.

இன்னொன்றும் கேட்கணும். சோடியம், குளோரைடு எல்லாம் பார்வையாளர் அயனி, அடித்துவிடு என்கிறார்கள். ஆனால் அதுவும் அந்தக் குடுவைக்குள்தானே கிடக்கிறது? இல்லாததுபோல எழுதினால் அது எப்படிச் சரியாகும்? பேரியம் ஹைட்ராக்சைடும் கந்தக அமிலமும் சேர்ந்தால் பார்வையாளரே கிடையாது என்று வேறு ஒரு வரி படித்தேன், அது சுத்தமாகப் புரியவில்லை.

(வாய்பாடுகளை இந்தக் கீபோர்டில் ஒழுங்காகப் போட வரவில்லை, அதனால் பெயராகவே எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் எனக்குச் சுலபம்.)

வண்ணார்பேட்டை வாத்தியார்

நல்ல கேள்விம்மா. அத்தை மகள் கைடுதான் சரி.

கைடை மூடி வைத்துவிட்டு உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இரண்டு கரைசலையும் கலப்பதற்கு முந்தின நொடி, அந்தந்தக் குடுவையில் பெரும்பாலும் என்ன துகள் இருக்கிறது? எது அதிகமாக இருக்கிறதோ அதைத்தான் இடது பக்கத்தில் எழுதணும். மொத்த விதியும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீரில் விட்டால் கிட்டத்தட்ட ஒரு மூலக்கூறு பாக்கியில்லாமல் ஹைட்ரஜன் அயனியாகவும் குளோரைடாகவும் பிரிந்துவிடும். அதனால் அதைப் பிரித்தே எழுதுகிறோம். அசிட்டிக் அமிலம் அப்படி இல்லை. அதன் பிரிகை மாறிலி, அதாவது அமிலம் நீரில் எவ்வளவு பிரியும் என்று காட்டும் எண், 1.8 × 10⁻⁵. 0.1 மோலார் கரைசலுக்கு நீயே கணக்குப் போட்டுப் பார், 1.8 × 10⁻⁶-க்கு வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு ஏறத்தாழ 0.00134 மோலார் வரும். அதாவது நூறு மூலக்கூறில் ஒன்றோ ஒன்றரையோதான் பிரிந்திருக்கிறது, மீதி அத்தனையும் முழு அசிட்டிக் அமிலமாகவே உட்கார்ந்திருக்கிறது. கடையில் விற்கும் வினிகர் இதைவிடச் செறிவானது, அதில் இருநூறுக்கு ஒன்றுகூடத் தேறாது. அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டால் அந்தச் சமன்பாடு யாருடைய கதையைச் சொல்கிறது?

இதில் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும், வகுப்பில் எப்போதும் ஒரு பையன் எழுந்து கேட்பான். ஹைட்ராக்சைடு வந்து அந்தக் கொஞ்ச ஹைட்ரஜன் அயனியை எடுத்துக்கொண்டால் சமநிலை நகர்ந்து இன்னும் கொஞ்சம் அமிலம் பிரியும், அதையும் எடுத்தால் இன்னும் பிரியும், கடைசியில் எல்லாம் பிரிந்துதானே ஆகணும், அப்புறம் ஏன் முதல் சமன்பாடு தப்பு என்பான். எல்லா அமிலமும் தீர்ந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி, அசிட்டேட்டிடமிருந்து பிடுங்கப்பட்டு வந்தது, பிடுங்குவதற்கு ஆற்றல் செலவாகியிருக்கிறது, பிடுங்கின பிறகு அசிட்டேட் அயனி புதிதாக உண்டாகியிருக்கிறது. நிகர என்று சொல்லிவிட்டுப் புதிதாக உண்டான ஒன்றை விட முடியாது.

வெப்பத்தை அளந்தாலே இது தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் ஒரு மோல் நீருக்கு ஏறத்தாழ 57.3 கிலோஜூல் வெளிவரும். நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் எடுத்தாலும் அதே 57.3தான். ஆள் மாறினாலும் தொகை மாறவில்லை என்றால், உள்ளே நடந்தது ஒரே வினை, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீரானது மட்டும்தான் என்று அர்த்தம். அசிட்டிக் அமிலத்துக்கு அது 55, 56 என்று குறையும், அம்மோனியாவோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் 51, 52 பக்கம். தொகை வேறு, அப்போது வினையும் வேறு.

அம்மோனியாவுக்கும் இதே கேள்விதான் கேட்கணும். பாட்டிலில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று லேபிள் ஒட்டியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இருப்பது கரைந்த அம்மோனியா மூலக்கூறு. ஆகவே:

அம்மோனியா + ஹைட்ரஜன்⁺ → அம்மோனியம்⁺

பார், இதில் நீரே உண்டாகவில்லை. நடுநிலையாக்கல் என்றாலே உப்பும் நீரும் என்று சின்ன வகுப்பில் படித்ததை இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளணும். அர்ரீனியஸ் 1884இல் ஆய்வேட்டில் எழுதின கருத்திலிருந்து வந்த பார்வை அது. புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்று 1923இல் பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் அம்மோனியாவுக்கு ஒழுங்கான இடம் கிடைத்தது.

தச்சநல்லூர் மெக்கானிக்கல்

சார் அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் பரீட்சை ஹாலில் வர்க்கமூலம் எடுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது தங்கச்சி. வலிமை மிகு அமிலம் என்று நமக்கு வரப்போவது ஆறுதான்: ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், பெர்குளோரிக், கந்தக அமிலம். காரத்தில் சோடியம், பொட்டாசியம் வகையறா ஹைட்ராக்சைடுகள், அப்புறம் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். இந்தப் பட்டியலில் இருந்து, நீரிலும் கரைந்திருந்தால் உடை. இல்லையா, கை வைக்காதே. எதிலிருந்து எதை உடைக்கலாம் என்று யோசிக்காமல் எதை மனப்பாடம் செய்யணும் என்று யோசித்தால் வேலை பாதியாகும்.

ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்குமே என்று அதையும் பட்டியலில் சேர்த்துவிடாதே. கண்ணாடியை அரிப்பதற்கும் நீரில் பிரிவதற்கும் சம்பந்தமில்லை, அது வலிமை குறைந்த அமிலம்தான். அதேபோல செறிவு வேறு, வலிமை வேறு. அசிட்டிக் அமிலத்தை எவ்வளவு கெட்டியாக எடுத்தாலும் அது வலிமை மிகு அமிலம் ஆகாது, சொல்லப்போனால் செறிவு கூடக் கூடப் பிரியும் சதவீதம் குறையத்தான் செய்யும்.

சோடியம் அங்கேயேதானே கிடக்கிறது என்று கேட்டாய். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முழுக்க ஜனம், ஆனால் தேர் ஏன் நகர்ந்தது என்று கேட்டால் வடம் பிடித்தவர்களைத்தான் சொல்வோம். மாடியில் நின்று பார்த்தவர்கள் தேர் வருவதற்கு முன்பும் அங்கேதான், போன பிறகும் அங்கேதான். சோடியம் அந்த மாடி ஆள். அதை எழுதவே கூடாது என்றில்லை, முழு அயனிச் சமன்பாட்டில் இரண்டு பக்கமும் எழுதிவிட்டுத்தான் நிகரத்துக்குப் போகும்போது அடிக்கிறோம்.

சாகுபுரம் ஷிப்ட் ஆள்

வாத்தியார் சொன்ன வெப்பக் கணக்கில் ஒரு சின்ன விஷயம். வலிமை குறைந்த அமிலம் என்றாலே 57-க்குக் கீழேதான் வரும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. ஹைட்ரோபுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் 68 கிலோஜூல் பக்கம் வருகிறது, அதிகம். புளோரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் சுற்றிக்கொள்ளும்போது நிறைய வெப்பம் வெளியாவதுதான் காரணம். ஆனால் அவர் சொன்ன முடிவு இதனால் இன்னும் பலப்படத்தான் செய்கிறது, தொகை வேறு என்றால் வினை வேறு.

நான் ஆலை லேபில் அமிலமும் காஸ்டிக்கும் (சோடியம் ஹைட்ராக்சைடுதான்) தினமும் டைட்ரேஷன் (தரம் பார்த்தல்) பார்க்கிற ஆள், அதனால் பேரியம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முழு அயனிச் சமன்பாட்டை எழுது:

பேரியம்²⁺ + 2 ஹைட்ராக்சைடு⁻ + 2 ஹைட்ரஜன்⁺ + சல்பேட்²⁻ → பேரியம் சல்பேட் (திண்மம்) + 2 நீர்

இதில் அடிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் நீராகிவிட்டது. பேரியமும் சல்பேட்டும் வெள்ளை வீழ்படிவாக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. எழுதினது அப்படியே நிகரச் சமன்பாடு. இதைக் கண்ணால் பார்க்கணும் என்றால் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரண்டு மின்முனைகளை விட்டு ஒரு பல்பை இணைத்துவிட்டு, நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடணும். முதலில் பளிச்சென்று எரிகிற பல்பு மங்கிக்கொண்டே வந்து, சரியாகச் சமமாகும் இடத்தில் கிட்டத்தட்ட அணைந்துவிடும், ஏனென்றால் மின்சாரத்தைக் கடத்த அயனியே மிச்சமில்லை. இன்னும் அமிலம் விட்டால் திரும்ப எரிய ஆரம்பிக்கும். இதையே சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வைத்துச் செய்தால் பல்பு கொஞ்சம் மங்கும், அணையாது. சோடியமும் குளோரைடும் உள்ளே இருக்கிறதே. நீ கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

பேரியம் கரைசல் விஷம், வாயால் பிப்பெட் உறிஞ்சுகிற வேலை வேண்டாம். அதே பேரியம் சல்பேட்டாகக் கிடந்தால் எக்ஸ்ரேவுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் குடிக்கவே கொடுக்கிறார்கள். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கரையும், உடம்பில் சேராமல் வந்த வழியே போய்விடும்.

பாளை பிளஸ்டூ

ரொம்ப நன்றி சார், அண்ணாச்சி. பல்பு விஷயம் படித்ததும்தான் பார்வையாளர் என்றால் என்ன என்று உறைத்தது. சரி, நானே இரண்டு எழுதிப் பார்க்கிறேன், திருத்துங்கள்.

சமையல் சோடாவில் வினிகர் விட்டால்:
பைகார்பனேட்⁻ + அசிட்டிக் அமிலம் → அசிட்டேட்⁻ + நீர் + கார்பன் டை ஆக்சைடு

சுண்ணாம்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால்:
2 ஹைட்ராக்சைடு⁻ + 2 ஹைட்ரஜன்⁺ → 2 நீர்

இரண்டாவதை 2ஆல் வகுத்து ஒன்று ஒன்றாக்கிவிடணும்தானே?

உடன்குடி கருப்பட்டி

முதலாவது சரி. இரண்டாவதில் என்ன சுண்ணாம்பு, எப்படிப்பட்ட சுண்ணாம்பு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இது எங்கள் ஊர் விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளணும்.

பதநீர் இறக்குகிற கலயத்தைப் பார்த்திருப்பாய். பனையில் கட்டுவதற்கு முன்னால் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள், தடவாமல் கட்டினால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். தடவின கலயத்தை இறக்கிப் பார்த்தால் மேலே தெளிவாகப் பதநீர் நிற்கும், அடியில் வெள்ளையாக ஒரு படிவு கிடக்கும், அதைக் கலக்காமல் தெளிவை மட்டும் வடித்து எடுப்பார்கள். அந்தத் தெளிவும் அந்தப் படிவும் வேதியியலில் இரண்டு வேறு ஆட்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் ரொம்பக் கொஞ்சம்தான் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கிடையாது, சூடாக்கினால் இன்னும் குறையும். கரைந்த அந்தக் கொஞ்சம் முழுக்க அயனியாகப் பிரிந்திருக்கும், அதனால்தான் மேலே தம்பி போட்ட வலிமை மிகு காரப் பட்டியலில் அது இருக்கிறது. கரையாமல் அடியில் கிடப்பது திண்மம், அதை உடைக்கக் கூடாது.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நீ எழுதினது சரி, வகுத்து ஒன்றாக்கிவிடலாம். வெற்றிலைக்குத் தடவுகிற மாதிரிக் குழைவான சுண்ணாம்பில் விட்டால் இப்படி:

கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + 2 ஹைட்ரஜன்⁺ → கால்சியம்²⁺ + 2 நீர்

இங்கே கால்சியம் பார்வையாளர் இல்லை. திண்மத்தில் கட்டிக்கிடந்தது கரைசலுக்கு வந்திருக்கிறதே. கலயத்துக்குள் நடப்பது இதைவிட ஒரு படி மேலே. ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கினால் லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் எல்லாம் வரும், அதெல்லாம் வலிமை குறைந்தவை. அமிலத்தையும் உடைக்க முடியாது, தடவின சுண்ணாம்பையும் உடைக்க முடியாது:

கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + 2 அசிட்டிக் அமிலம் → கால்சியம்²⁺ + 2 அசிட்டேட்⁻ + 2 நீர்

புளிப்பு வராமல் இருப்பதற்கு இந்த வினை மட்டும் காரணம் இல்லை, சுண்ணாம்பு கரைசலின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால் அந்த நுண்ணுயிர்களுக்கு அங்கே பிழைப்பே ஓடாது, அதுதான் முதல் காரணம். அதோடு காற்றில் இருந்தும் நொதிப்பில் இருந்தும் வருகிற கார்பன் டை ஆக்சைடையும் சுண்ணாம்பு விடாது, கால்சியம் கார்பனேட்டாக்கிப் படிவில் சேர்த்துவிடும். ஸ்கூல் லேபில் சுண்ணாம்பு நீரில் ஊதிப் பால் நிறமாக்குவது இதே வினைதான்:

கால்சியம்²⁺ + 2 ஹைட்ராக்சைடு⁻ + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர்

ஆகக் கேள்வித்தாளில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் திண்மம், நீர்க்கரைசல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கணும். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை.

வண்ணார்பேட்டை வாத்தியார்

உடன்குடியார் சொன்னதோடு தாழையூத்து சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக்கொள். சிமென்ட் ஆலைக்கு வெட்டுகிற கல், கால்சியம் கார்பனேட். அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும்:

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + 2 ஹைட்ரஜன்⁺ → கால்சியம்²⁺ + நீர் + கார்பன் டை ஆக்சைடு

இதே கல்லில் நீர்த்த கந்தக அமிலம் விட்டுப் பார், ஆரம்பத்தில் நுரைத்துவிட்டுப் பிறகு மந்தமாகிவிடும். கால்சியம் சல்பேட் குறைவாகவே கரையக்கூடியது, அது கல்லின்மேல் ஒரு தோலாகப் படிந்து அமிலத்தை உள்ளே விடாது. கார்பன் டை ஆக்சைடு தயாரிக்கக் கந்தக அமிலம் ஏன் எடுப்பதில்லை என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும், பதில் இதுதான். குளோரைடு இந்த வினைகளில் வேடிக்கைதான் பார்க்கும், ஆனால் சல்பேட் பேரியத்தையோ கால்சியத்தையோ கண்டால் களத்தில் இறங்கிவிடும். பார்வையாளர் என்பது எந்த அயனிக்கும் நிரந்தரப் பட்டம் கிடையாது, வினைக்கு வினை பார்க்கணும்.

ரசாயனம் எம்எஸ்சி

எல்லாரும் ஹைட்ரஜன்⁺ என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நீரில் தனிப் புரோட்டான் கிடையாது, ஹைட்ரோனியம்⁺ என்று எழுதணும். ஹைட்ரோனியம்⁺ + ஹைட்ராக்சைடு⁻ → 2 நீர். அடுத்து, கந்தக அமிலத்தை இரண்டு ஹைட்ரஜன் அயனியாக உடைத்ததும் சரியில்லை. முதல் புரோட்டான்தான் முழுசாகப் போகும், இரண்டாவதற்குப் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.01. உள்ளே பெரும்பாலும் இருப்பதை எழுது என்பதுதான் விதி என்றால் 0.1 மோலாரில் பெரும்பாலும் இருப்பது பைசல்பேட்⁻, சல்பேட் இல்லை.

சாகுபுரம் ஷிப்ட் ஆள்

சொன்னது இரண்டும் உண்மை. ஹைட்ரோனியம் என்று எழுதினால் வலது பக்கம் ஒரு நீர் கூடும், அதை மறக்காமல் இருந்தால் எப்படி எழுதினாலும் மார்க் உண்டு, கேள்வியில் எது கொடுத்திருக்கிறதோ அதையே பின்பற்றுவது நல்லது. கந்தக அமிலத்துக்கு கறாராக எழுதினால்

பேரியம்²⁺ + 2 ஹைட்ராக்சைடு⁻ + ஹைட்ரஜன்⁺ + பைசல்பேட்⁻ → பேரியம் சல்பேட் (திண்மம்) + 2 நீர்

என்று வரும், இதிலும் பார்வையாளர் இல்லை, முடிவு மாறவில்லை. பிளஸ் டூ வரைக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனியாக உடைப்பதுதான் வழக்கம், பிள்ளையைப் பரீட்சை நேரத்தில் போட்டுக் குழப்ப வேண்டாமே.

இன்னும் யாரும் சொல்லாத ஒன்று: இந்தச் சமன்பாட்டை எழுதி என்ன பிரயோஜனம் என்றால், டைட்ரேஷனில் எந்த நிறங்காட்டி எடுக்கணும் என்று அதன் வலது பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அசிட்டிக் அமிலம் காஸ்டிக் வினையில் வலது பக்கம் அசிட்டேட் நிற்கிறது. அது நீரிலிருந்து கொஞ்சம் புரோட்டானைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஹைட்ராக்சைடு மிஞ்சும், 0.1 மோலார் கரைசல்களை எடுத்தால் சமான நிலையில் (அமிலமும் காரமும் சரியாகத் தீரும் இடத்தில்) பிஎச் 8.7 பக்கம் வரும். பினாப்தலீன் 8.3-இலிருந்து 10-க்குள் நிறம் மாறுவது, கச்சிதமாகப் பொருந்தும். அங்கே மெத்தில் ஆரஞ்சு விட்டால் அது 3.1-க்கும் 4.4-க்கும் நடுவில், அமிலம் பாதிகூடத் தீராதபோதே நிறம் மாறித் தொலைத்துவிடும். அம்மோனியா ஹைட்ரோகுளோரிக் வினையில் வலது பக்கம் அம்மோனியம் மட்டும், அது லேசான அமிலம், பிஎச் 5.3 பக்கம், அங்கே பினாப்தலீன் உதவாது, மெத்தில் ஆரஞ்சு பக்கம் போகணும், மெத்தில் சிவப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் கைடு எழுதினமாதிரி எல்லாவற்றுக்கும் வெறும் நீர் என்று எழுதினால் எல்லாமே 7 என்றுதானே தோன்றும்? லேபில் அப்படி நடக்காது.

பாளை பிளஸ்டூ

அப்படியென்றால் பிராக்டிகலில் வருகிற ஆக்சாலிக் அமிலம்? அது நம்ம ஆறில் இல்லை. எழுதிப் பார்த்தேன்:

ஆக்சாலிக் அமிலம் + ஹைட்ராக்சைடு⁻ → ஆக்சலேட்²⁻ + நீர்

தச்சநல்லூர் மெக்கானிக்கல்

உடைக்காமல் விட்டது சரி. ஆனால் இரண்டு பக்கமும் மின்சுமையைக் கூட்டிப் பார் தங்கச்சி, இடது பக்கம் ஒரு மைனஸ், வலது பக்கம் இரண்டு மைனஸ். இடிக்கிறதா? அணுவைச் சமன் செய்கிற நாம் சுமையைப் பார்க்க மறந்துவிடுகிறோம், எழுதி முடித்ததும் பத்து நொடி எடுத்து இதைக் கூட்டிப் பார்த்தாலே பாதித் தப்பு அங்கேயே மாட்டிவிடும்.

ஆக்சாலிக் அமிலம் + 2 ஹைட்ராக்சைடு⁻ → ஆக்சலேட்²⁻ + 2 நீர்

வண்ணார்பேட்டை வாத்தியார்

அந்த 2தான் பிராக்டிகல் கணக்கிலும் வருகிறது. படிக ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 126, ஒரு மூலக்கூறு இரண்டு புரோட்டான் தருவதால் சமான நிறை 63, அதனால்தான் 0.1 நார்மல் கரைசலுக்கு லிட்டருக்கு 6.3 கிராம் எடை போடுகிறோம். மனப்பாடமாக 63 என்று எழுதுகிற பிள்ளைகளிடம் வைவாவில் ஏன் 63 என்று கேட்டால் முழிப்பார்கள், நீ இந்தச் சமன்பாட்டைச் சொல்லிவிடு.

அப்புறம் இன்னொன்று. கூம்புக்குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் பியூரெட்டை மூடி அளவைக் குறித்துக்கொள். கொஞ்ச நேரத்தில் அந்த நிறம் தானாகவே மங்கினால் பதறி இன்னொரு சொட்டு விட்டுவிடாதே, காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு மிச்சமிருந்த ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டிருக்கும்:

கார்பன் டை ஆக்சைடு + ஹைட்ராக்சைடு⁻ → பைகார்பனேட்⁻

அரை நிமிடம் நின்றாலே போதும், அதுதான் முடிவுநிலை.

பாளை பிளஸ்டூ

சரி சார், குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. வயிற்று எரிச்சலுக்கு அம்மா குடிக்கிற வெள்ளை மருந்து பாட்டிலில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கிறது, குடிப்பதற்கு முன்னால் நன்றாகக் குலுக்கவும் என்றும் இருக்கிறது. குலுக்கணும் என்றால் கரையாமல் இருக்கிறது, அப்போது திண்மம், அப்போது உடைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக், அது உடையும்.

மெக்னீசியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + 2 ஹைட்ரஜன்⁺ → மெக்னீசியம்²⁺ + 2 நீர்

சுமை இரண்டு பக்கமும் +2.

உடன்குடி கருப்பட்டி

சரியாக இருக்கிறது. அந்த டியூஷனில் கொண்டுபோய்க் காட்டு.

தச்சநல்லூர் மெக்கானிக்கல்

காட்டு, ஆனால் வாக்குவாதம் வேண்டாம் தங்கச்சி, இன்டர்னல் மார்க் பாக்கி இருக்கும். ஆக்சாலிக்குக்கு பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு பாட்டிலைத் தொட்டுவிடாதே.